தண்ணீர் காட்டாத குச்சி

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், கசங்கிய சட்டைக் கையின் மேல் ஈரத் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. அதில் பருத்தியின் வாசனையோடு இன்னொன்றும் இருந்தது. சூடேறிய மரம், கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் பழைய வியர்வை. பெட்டியைத் தூக்கி அடித்தட்டைப் பார்த்தேன். உன் பில்லியர்ட்ஸ் கோலின், அந்தக் கியூவின், மெருகு ஒட்டிக் கருகிய பழுப்புக் கறை இன்னும் அங்கேதான் இருக்கிறது. எத்தனையோ முறை தேய்த்திருக்கிறேன். போகவில்லை. பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தக் கசங்கிய சட்டையோடே வேலைக்குப் போய்வந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்ததை இந்த மாலையில் எழுதுகிறேன்.

ஸ்கூடாயில் நாம் வாடகைக்கு இருந்த அதே வீட்டில்தான் இருக்கிறேன். உன் அறைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்த வீட்டுச் சமையலறையின் பின்பகுதி உன் பட்டறையாகிவிடும். வாரமெல்லாம் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் நிற்பாய். சனிக்கிழமை சாயங்காலம் கடைவரிசை மாடியிலிருந்த பில்லியர்ட்ஸ் சென்டருக்குப் போய் ஆடுவாய். மறுநாள் காலை முழுவதும் உன் கியூவுக்கு. இஸ்திரி மேசைதான் உன் கடைசல் இயந்திரம். அதன் ஒரு முனையில், வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய டிரில்லை ரஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவாய். கியூவை இரண்டாகக் கழற்றி, மெலிந்த மேல்பாதியை ஒரு துண்டு ரப்பர் குழாயால் டிரில்லோடு இணைப்பாய். மறுமுனையைத் தாங்க வெட்டிய தண்ணீர் போத்தல், அதற்குள் என் பழைய காலுறை. டிரில்லின் விசையை அழுத்தினால் மரம் சுழலும். முதலில் மாவுபோல மெல்லிய மணல்தாள். பிறகு உன் கிழிந்த ஜீன்ஸிலிருந்து வெட்டிய துணி. கடைசியாக மளிகைக் கடைக் காகிதப் பை. நுனியிலுள்ள தோல் டிப்பைச் சீராக்க என் நகம் தேய்க்கும் அரத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்வாய்.

"கடைல குடுத்தா செஞ்சு தருவாங்கல்ல? எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அலாமாக்! வேற ஆளு கை படணுமா? உன் புக்கை எவனாச்சும் எச்சி தொட்டுத் திருப்பினா நீ சும்மா இருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப வாயை மூடிட்டுப் படி, லைப்ரரி."

பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பதால் எனக்கு நீ வைத்த பெயர் அது. நான் பின்வாசல் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். நீ எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் காதுக்கு எல்லாம் பழகிப்போனது. மணல்தாள் மரத்தைத் தொடும்போது சரசரப்பு. ஜீன்ஸ் துணிக்கு ஒரு முனகல். காகிதப் பைக்கு வரும்போது சத்தம் மெலிந்து, யாரோ பல்லிடுக்கில் விசில் அடிப்பதுபோல ஆகும். அப்போது மரம் சூடாகியிருக்கும். நீ கையை எடுத்து ஊதிக்கொள்வாய்.

ஒருநாள் பால் விடாத குளிர்ந்த தே ஓ தேநீர்க் கிளாஸை இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டேன். கிளாஸின் வேர்வை வழிந்து கியூவை நோக்கிப் போனது. நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பூனை மதிலிலிருந்து குதித்தது.

"ஏய்! மரத்துக்குத் தண்ணி காட்டாதே! ஒரு தடவை குடிச்சிட்டா அப்புறம் அது நம்ம பேச்சைக் கேக்காதுலா."

தண்ணீருக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. கியூவில் எங்காவது அடிபட்டுப் பள்ளம் விழுந்தால், அதன் மேல் ஒரு சொட்டு. அதற்கு மேல் துணி. துணிமேல் இஸ்திரிப் பெட்டியின் முனை. ஆவி உள்ளே போய் நசுங்கிய மரம் மெல்ல எழும்பிவிடும். எல்லாப் பள்ளங்களையும் அப்படி எழுப்பினாய், ஒன்றைத் தவிர. ஒல்லியான கல்லூரிப் பெண் ஒருத்தியிடம் தோற்ற ஆத்திரத்தில் மேசை விளிம்பில் ஓங்கி அடித்தாயே, அந்தப் பள்ளம். "அது என் கோபம். இருக்கட்டும். தடவிப் பாத்தா புத்தி வரும்" என்று விட்டுவைத்தாய்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பாதிகளையும் திருகி இணைத்து, தரை ஓட்டில் உருட்டி விடுவாய். கன்னத்தைத் தரையில் வைத்துக் கேட்பாய். கோணல் இருந்தால் டக், டக் என்று தட்டிக்கொண்டு போகும். நேராக இருந்தால் சத்தம் அறுபடாமல் ஒரே இழையாகச் சுவர்வரை போகும். அது போய் நின்றதும் உன் அம்மாவுக்குப் போன். லாயாங் லாயாங் தோட்டப்புறத்தில் தனியாக இருக்கும் உன் அம்மாவிடம் ஞாயிறுதோறும் நீ சொல்லும் முதல் செய்தி அதுதான்.

"நேரா இருக்கும்மா. இது நேரா இருக்கிற வரைக்கும் உன் பொண்ணுக்கு ஒன்னும் ஆகாது."

"குச்சியப் பத்திப் பேசுற நேரத்துக்கு ஒரு மாப்பிள்ளையப் பத்திப் பேசேன்டி" என்று அந்தப் பக்கமிருந்து வரும் குரல் எனக்கும் கேட்கும்.

மெர்சிங் கடற்கரைக்குப் போனபோது நீ கியூவை எடுத்துப் போகவில்லை. உப்புக் காற்று அதற்கு ஆகாது என்றாய். கடையில் வேலை செய்பவர்களோடு தீவுக்கு ஒரு வார இறுதிச் சுற்றுலா. திரும்பும் வழியில் காற்று எழும்பிப் படகு கவிழ்ந்தது. மற்ற எல்லோரையும் கரை சேர்த்தார்கள். உன்னை மட்டும் காணவில்லை. தேடினார்கள். மழைக்காலம் நெருங்கியதும் தேடுவதை நிறுத்தினார்கள். உன் உயிர்காப்புச் சட்டை மட்டும் ஒதுங்கியது. அதன் வார்கள் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தன. அதை யாரும் கழற்றியதுபோலத் தெரியவில்லை என்று படகுத்துறையில் ஒருவர் சொன்னதை நான் கேட்டேன். உன் அம்மா கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து உன் பொருள்களை எடுத்துப்போக உன் அம்மா இங்கே வந்தார். துணிகளை மடித்துப் பையில் வைத்தார். கதவுக்குப் பின்னால் உறையோடு தொங்கிய கியூவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நேரா இருக்கா?"

எனக்கு உடனே புரியவில்லை.

"உருட்டிக் காட்டும்மா."

இரண்டு பாதிகளையும் இணைத்துத் தரையில் உருட்டினேன். ஒரே இழையாகச் சுவர்வரை போனது. உன் அம்மாவின் முகத்தில் அப்போது வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அழுகை நின்றிருந்தது.

"அவதான் சொல்லியிருக்காளே. இது நேரா இருக்கிற வரைக்கும் ஒன்னும் ஆகாதுன்னு." உறையை என் கையில் திணித்தார். "என் வீட்டுல கூரை ஒழுகுது. நீயே வெச்சிரு. அவ எப்படிப் பாத்துக்கிட்டாளோ அப்படியே பாத்துக்க."

அந்த நேரத்தில் யாரால் முடியாது என்று சொல்லியிருக்க முடியும்?

அப்படித்தான் உன் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்தது. டிரில்லைக் கட்டினேன். காலுறையை வைத்தேன். பில்லியர்ட்ஸ் மேசையருகில் ஒருநாள்கூட நிற்காத நான், காதில் இருந்த சத்தங்களை வைத்தே உன் வேலையைச் செய்தேன். பிறகு உன் அம்மாவை வீடியோவில் அழைத்து, போனைத் தரையோடு சாய்த்துவைத்து, கியூவை உருட்டிக் காட்டுவேன். அவர் கண்ணெடுக்காமல் பார்ப்பார். சுவரில் முட்டி நின்றதும், "சரிம்மா, சாப்ட்டியா?" என்பார்.

மழைக்காலம் வந்தது. உனக்குத் தெரியும், இந்த வீட்டில் அந்த மாதங்களில் எதுவும் தன் வடிவத்தில் இருக்காது. குளியலறைக் கதவு உப்பிச் சாத்த வராது. என் புத்தக அலமாரியின் நடுப்பலகை தொய்ந்தது. காய் வெட்டும் பலகை வளைந்து மேசைமேல் ஆடியது. புத்தக அட்டைகள் எல்லாம் விரிந்து வாய் பிளந்தன. உன் கியூ மட்டும் ஒரே இழையாக உருண்டது.

முதலில் பெருமையாக இருந்தது. என் பராமரிப்பு என்று நினைத்தேன்.

பிறகு அந்தச் சூட்டைக் கவனித்தேன். காகிதப் பையால் தேய்த்து முடித்ததும் மரம் முழுவதும் சூடாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் ஆறும். அது இயல்பு. ஆனால் மேல்பாதியில் ஒரு சாண் அளவு மட்டும் ஆறுவதில்லை. நீ இடக்கைக்காரி. கியூவின் முன்பக்கத்தைத் தாங்குவது உன் வலது கை. அந்தக் கை வழக்கமாகப் படுமே, அந்த இடம். துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து தொட்டாலும், அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்து தொட்டாலும், இப்போதுதான் ஒருவர் கையை எடுத்ததுபோல இருக்கும். அதிகமாகத் தேய்த்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, கியூவை போனுக்கு அருகில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா கேட்டார்.

"அந்தப் பள்ளம் எங்கம்மா? தேச்சிட்டியா?"

தடவிப் பார்த்தேன். உன் கோபத்தைக் காணவில்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனது. நான் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை, இஸ்திரிப் பெட்டியையும் வைக்கவில்லை. மறுநாள் நூலகத்தில் மரவேலைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஈரக் காற்றே போதும், நசுங்கிய மரம் தானாக எழும்பக்கூடும் என்று தெரிந்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கங்களில் ஒரு காரணம் இருந்தது. ஒரு பள்ளத்தை எழுப்பிய அதே ஈரம் கோலை ஏன் வளைக்கவில்லை என்பதற்கு மட்டும் இல்லை.

உன் தாய்மாமா குளுவாங்கிலிருந்து என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். அதுவரை அவரிடம் நான் பேசியதே இல்லை.

"அக்கா வாசக்கதவைச் சாத்துறதே இல்லம்மா. ராவும் பகலும் தொறந்தே கெடக்கு. மழை உள்ள அடிக்குது, தெருநாய் வந்து கூடத்துல படுக்குது. ஆக்குற சோத்த ரெண்டு தட்டுல போடுறாங்க. நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, நான் இல்லாதப்ப அவ வந்துட்டா என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. காரியம் பண்ணிரலாம்னா உன் குச்சியக் காட்டுறாங்க."

"அது என் குச்சி இல்ல மாமா."

"நீதானே வெச்சிருக்க?" குரலைத் தணித்தார். "நான் தப்பாச் சொல்லலம்மா. நீ நல்ல பொண்ணு. ஆனா அவளை இங்க வெச்சிருக்கிறது நீதான். அதை எடுத்து ஒரு மழைல வெளிய போட்டுரு. வளைஞ்சிட்டா அக்காவே நம்பிருவாங்க. இல்லேன்னா இந்த மழைக்குள்ள இன்னொரு காரியமும் நான்தான் பண்ணணும்."

மழையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பராமரிப்பதை நிறுத்தினேன். டிரில்லை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். கியூவை உறையிலிருந்து எடுத்து, இணைத்தபடியே, குளியலறைச் சுவரில் சாய்த்து வைத்தேன். சாய்த்து வைப்பதுதான் ஒரு கியூவுக்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம் என்று நீ சொல்வாய். தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துவிடுமாம். குளிக்கும்போதெல்லாம் ஈர ஆவி அதைச் சூழ்ந்து நிற்கும். நான் அதன் பக்கம் பார்க்காமல் குளிப்பேன். துண்டை எட்டி எடுக்கும்போதும் அதற்கு முதுகைக் காட்டமாட்டேன்.

உன் அம்மாவின் ஞாயிற்று அழைப்புகளைத் தட்டிக்கழித்தேன். தலைவலி என்றேன், வெளியே இருக்கிறேன் என்றேன். பல வாரம் கழித்து, இனி வளைந்திருக்கும் என்ற நிச்சயத்தோடு, பகல் வெளிச்சத்தில் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன். தூசி இல்லை. பூஞ்சை இல்லை. நான் தொடவே தொடாத மரத்தில், காகிதப் பையால் இப்போதுதான் தேய்த்த பளபளப்பு. தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளினேன்.

ஒரே இழை. சுவர்வரை.

நீ உயிரோடு இருந்த காலத்தில் உன்மேல் எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது, பொறாமை வந்திருக்கிறது. பயம் வந்தது அன்றுதான். அதை மறுபடி குளியலறைச் சுவரிலேயே சாய்த்துவிட்டு, அன்று முழுக்கக் கடைத்தெருவில் சுற்றினேன்.

அடுத்த ஞாயிறு உன் அம்மா நேரில் வந்துவிட்டார். மாமாவின் காரில் வந்து இறங்கி, அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தனியாக உள்ளே வந்தார். மிகவும் இளைத்திருந்தார். முகம் கழுவப் போனவர் குளியலறை வாசலிலேயே நின்றார்.

"இங்கயா வெச்சிருக்க?"

அவர் கியூவை இரண்டு கைகளாலும் எடுத்துவந்து, கூடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்து, தானே உருட்டினார். அது போய்ச் சுவரில் மெல்ல முட்டியது.

"நேராதான் இருக்கு" என்றார்.

"ஆன்ட்டி, மாமா போன் பண்ணியிருந்தாங்க..."

"தெரியும்மா. என்கிட்ட சொன்னான். நீ மழைல போடலியா?"

"இல்ல."

"நீ நெனச்சதை நானும் நெனச்சேன். இது வளைஞ்சிரட்டும்னு சாமிகிட்ட கேட்டிருக்கேன். கேட்டுட்டு என் வாயிலயே அடிச்சுக்குவேன். பெத்தவ கேக்குற கேள்வியா அது?" கியூ நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேரா இருக்கு. ஆனா அவ வரல. நான் கதவத் தொறந்து வெச்சிருக்கேன், நீ குச்சியத் தொடச்சு வெச்சிருக்க. பாவம், எப்படிப் போவா? ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் கையைப் புடிச்சிக்கிட்டா எப்படிம்மா போவா?"

நான் துடைப்பதை நிறுத்திப் பல வாரம் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதற்குத்தான் எரியூட்டுவார்கள் என்று கோயில் பூசாரி அவரிடம் சொல்லியிருந்தார். உன் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாராம். அந்த உருவத்துக்கு முதுகெலும்பாக உன் கியூவை வைக்கலாமா என்று. பூசாரி யோசித்துவிட்டுச் சரி என்றாராம்.

"புல்லைக் குளிப்பாட்ட முடியாது. இதைக் குளிப்பாட்டலாம்ல? குளிப்பாட்டாம அனுப்ப எனக்கு மனசு வரல."

"ஆன்ட்டி, மரத்துக்குத் தண்ணி காட்டக்கூடாதுன்னு..."

"என்கிட்டயும் சொல்லியிருக்கா. தெரிஞ்சுதான் சொல்றேன்."

லாயாங் லாயாங்கில் உன் வீட்டுக்குப் பின்னால், குழாயடிச் சிமெண்டுத் தரையில், இரண்டு முக்காலிகளைப் போட்டு அவற்றின் மேல் கியூவைக் கிடத்தினோம். அது உன் இஸ்திரி மேசையை நினைவூட்டியது. முற்பகல் வெயில் நன்றாக இருந்தது. நானும் உன் அம்மாவும் மட்டுந்தான். ஆண்கள் முன்பக்கம் புல்லை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முக்காலியிலிருந்து அது உருண்டு விழுந்துவிடும் என்ற பயத்தில், பருத்த அடிப்பாகத்தை நான் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

உன் அம்மா எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி நுனியிலிருந்து தடவிக்கொண்டு வந்தார். பிறகு சீயக்காய். பிறகு குவளையில் மஞ்சள் கரைத்த தண்ணீர் மொண்டார். குவளை சாய்ந்த அந்தக் கணத்தில் என் வாய் தானாகத் திறந்தது. வேண்டாம் என்று கத்தியிருப்பேன். இனி எந்த இஸ்திரிப் பெட்டியாலும் எந்தக் காகிதப் பையாலும் இதைப் பழையபடி ஆக்க முடியாது. தண்ணீரில் போனவளுக்கு மறுபடியும் தண்ணீரா? ஆனால் உன் அம்மா குனிந்து, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல, "கண்ண மூடிக்கடி. சீயக்கா பட்ரும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் விழுந்தது. டிப்பிலிருந்து நீலச் சாக்பீஸ் தூள் கரைந்து சிமெண்டில் ஓடியது. மெருகு போன இடங்களில் மரத்தின் இழைகள் ஈரத்துக்கு எழும்பி, குளிரில் சிலிர்த்த தோல்போலச் சொரசொரப்பாயின. உன் அம்மாவின் கை தண்ணீரோடு சேர்ந்து கீழே வந்தது. பாதி வழியில் ஓரிடத்தில் நின்றது. அங்கேயே இருந்தது. அவர் இன்னொரு குவளை மொண்டு அதே இடத்தில் ஊற்றினார். மறுபடி கையை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. பின்னால் ரயில் ஒன்று கடந்துபோகும்வரை அப்படியே இருந்துவிட்டு, மீதி மஞ்சள் தண்ணீரையும் ஊற்றி முடித்தார்.

உன் ஜீன்ஸ் துணியால் நான் துடைத்தேன். இரவெல்லாம் மழை பெய்து தொட்டித் தண்ணீர் பற்கள் கூசும்படி குளிர்ந்திருந்தது. மரம் முழுவதும் அதே குளிர். அந்த ஒரு சாணைத் தவிர.

புல் உருவத்துக்குள் அதை வைத்துக் கட்டி, உன் சிவப்புச் சட்டையைப் போர்த்தினார்கள். தோட்டத்துச் சுடுகாட்டில் மாமா தீ வைத்தார். புல் சீக்கிரம் எரிந்துவிட்டது. நெருப்புக்கு நடுவில் கியூ மட்டும் கொஞ்ச நேரம் நீண்டு கிடந்தது. பிறகு, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நடுப்பகுதி மெல்ல உயர்ந்து, தூக்கத்தில் ஒருக்களித்துப் படுக்கும் ஆள்போல, ஒரு பக்கமாக வளைந்தது.

"வளைஞ்சிருச்சு" என்றார் உன் அம்மா. அதற்குப் பிறகுதான் அழுதார். மெர்சிங் படகுத்துறையில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

சாம்பலைக் கடலில் கரைக்கலாமென்று மாமா சொன்னபோது, "அந்தக் கடலுக்கு இனி நான் ஒன்னும் குடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைத்தோம். சாயங்காலம் நான் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். நான் காரில் ஏறியதும், உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போயிருந்தது போல. உள்ளே அவர் அதை இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு விழுந்தது.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். சளி குறைந்திருக்கிறது. ஒரு தட்டில் சாப்பிடுகிறார். ஞாயிறுதோறும் இன்னும் அழைக்கிறார். காட்டுவதற்கு எதுவும் இல்லாததால் முதலில் இரண்டு பேருக்கும் பேச்சு தடுமாறியது. இப்போது பழகிவிட்டது. "உனக்காச்சும் ஒரு மாப்பிள்ளை பாக்கலாமா, இல்ல நீயும் புக்கைக் கட்டிக்கிட்டே இருந்துருவியா?" என்று கேட்குமளவுக்குத் தேறியிருக்கிறார்.

போன ஞாயிறு எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும் நேரத்தில், "அம்மாடி, ஒன்னு கேக்கட்டா?" என்றார். திரையில் அவர் முகத்துக்குப் பின்னால் வாசல்கதவு தெரிந்தது. சாத்தி, தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"கேளுங்க ஆன்ட்டி."

"அன்னிக்குக் குளிப்பாட்டினப்ப நடுவுல ஒரு எடம் சூடா இருந்துச்சு. நீ அங்கதானே புடிச்சிருந்த? உன் கைச் சூடுதானே அது?"

அவர் கண் என்மேல் இல்லை. கதவைப் பார்ப்பதற்குத் திரும்பத் தயாராக இருப்பதுபோல அவர் கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"ஆமா ஆன்ட்டி. என் கைதான்."

"ம். அதான் நெனச்சேன்" என்றார். அவர் தோள்கள் இறங்கின. பிறகு கூரைக்கு ஆள் வரச் சொல்லியிருப்பதைப் பற்றிச் சொன்னார்.

என் இரண்டு கைகளும் அடிப்பாகத்தை விட்டு நகரவேயில்லை. அது உனக்குத் தெரியும். உன் அம்மா கொஞ்சம் நிதானமாக யோசித்தால் அவருக்கும் தெரிந்துவிடும். அவர் யோசிக்காமல் இருக்கவேண்டும். யோசித்தால் அந்தத் தாழ்ப்பாள் மறுபடி திறந்துவிடும், மறுபடி இரண்டு தட்டு, மறுபடி நெஞ்சில் மழை. அதனால் அந்த ஒரு சாண் சூட்டை நான் என்னோடு வைத்திருக்கிறேன். நூலகத்தில் குளிர்சாதனத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போதும் அது என் உள்ளங்கையில் இருக்கிறது. என்ன அது, எங்கிருந்து வந்தது என்று நான் இனி எந்தப் புத்தகத்திலும் தேடப்போவதில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

உன் அம்மா எப்போதாவது கனவில் உன்னைப் பார்த்துக் கேட்டால், நீயும் இதையே சொல்லிவிடு. அது லைப்ரரியின் கைதான் என்று.